வாகைக்குளத்திலிருந்து கொழும்புக்கு

பெயர்ப் பலகை தூத்துக்குடி விமான நிலையம் என்று சொன்னாலும், வாகைக்குளம் தாமிரபரணிச் சமவெளி முழுமைக்கும் உரியது. 1992இல் திறந்த நாள் முதல் அங்கே விமான சேவை வருவதும் நிற்பதுமாகவே இருந்தது. வாயுதூத் வந்த சுருக்கில் நின்றது. 2006இல் ஏர் டெக்கான் வந்தது. அதை வாங்கிய கிங்ஃபிஷர் 2012இல் முடங்கியது. 1,351 மீட்டர் ஓடுபாதையில் ஏடிஆர் போன்ற சிறு விமானங்களால் மட்டுமே இறங்க முடிந்தது. இப்போது ஓடுபாதை 3,115 மீட்டர். சுமார் 450 கோடி ரூபாயில் எழுப்பிய புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் அளவு அதற்கு உண்டு. இத்தனையும் சென்னைக்குப் போய்வர மட்டும்தான் என்றால், அது பெரிய வீண்செலவு. வாகைக்குளம் வெளிநாட்டுக்கான வாசலாக வேண்டும். முதல் தடம் கொழும்பாக இருக்க வேண்டும்.

சென்னைக்கு ரயிலே போதும் என்பவர்கள் சொல்வது பெருமளவு சரி. 2023 செப்டம்பரிலிருந்து ஓடும் நெல்லை வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது; இரவில் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூரில் இறக்கிவிட நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் இந்த மண்ணின் பயணம் சென்னையோடு முடிவதில்லை. மேலப்பாளையம், காயல்பட்டினம், கடையநல்லூர், தென்காசி என ஊர் ஊராக வளைகுடாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரில் உமறுப் புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளி நடத்தியவர்கள் கடையநல்லூர்க்காரர்கள். அந்த ஊரிலிருந்து இன்று துபாய்க்குப் புறப்படும் ஒருவர், பெட்டிகளைக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் என்று மலைச்சாலையில் வளைந்து திருவனந்தபுரம் போகிறார். வழியனுப்பக் குடும்பமே உடன் போகிறது. அந்த வாடகையும் அலைச்சலும் டிக்கெட் விலையில் தெரிவதில்லை, கொடுப்பவருக்குத்தான் தெரியும்.

அப்படியானால் துபாய்க்கே நேராகக் கேட்கலாமே என்று தோன்றும். இங்கே மதுரையின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். சுங்க விமான நிலையம் என்ற தகுதி கிடைத்துப் பல ஆண்டுகளாகியும், வளைகுடா விமான நிறுவனங்கள் மதுரைக்கு வர முடியவில்லை. இருதரப்பு ஒப்பந்தங்களில் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் சேராமல் அந்நாட்டு விமானம் வராது. இலங்கை உள்ளிட்ட சார்க் நாடுகளுக்கு அந்தக் கதவு அகலம். 2016ஆம் ஆண்டின் விமானப் போக்குவரத்துக் கொள்கை, அந்நாடுகளுடன் பரஸ்பர அடிப்படையில் தடையற்ற சேவைக்கு இடம் தருகிறது. தூத்துக்குடியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 280 கிலோமீட்டர்தான். சிறிய ஏடிஆர் விமானமே ஒரு மணி நேரத்தில் போய்விடும். அங்கிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் இணைப்பு விமானங்கள் உண்டு. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இதே தூத்துக்குடி - கொழும்பு தடத்துக்காகத்தான். மக்கள் போக்குவரத்து அன்றே அந்தத் தடத்தில் இருந்தது.

2011இல் விட்ட கொழும்புக் கப்பல் சில மாதங்களில் நின்றதே என்பார்கள். இரவு முழுதும் கடலில் போகும் அந்தக் கப்பல் கொழும்போடு நின்றுவிடும் பயணத்தை மட்டுமே நம்பியிருந்தது. விமானத்துக்கு அதைத் தாண்டிப் போகிறவர்களும் கிடைப்பார்கள். இதைவிடக் கனமான மறுப்பு, சிறு விமான நிலையங்களின் பொதுவான நிலை. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்காயர் 2023இல் தந்த அறிக்கைப்படி, மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. சலுகைக் காலம் தாண்டியும் நிலைத்தவை வெறும் 54. நம் சேலத்திலும் 2018இல் தொடங்கிய சேவை 2021இல் நின்று, 2023இல்தான் மீண்டது. இந்தக் கணக்கு உண்மையானது. மாவட்டத்துக்கு ஒரு விமான நிலையம் கேட்பவர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும். இரண்டாம் உலகப் போரில் கயத்தாறில் போட்ட ஓடுபாதை, போர் முடிந்ததும் கேட்பாரற்றுப் போனது. புதிதாக இன்னொன்று போடுவதைவிட, இருக்கும் ஒன்றுக்குப் பயணிகளைக் கொண்டுவந்து சேர்ப்பதே அறிவு.

கொண்டுவந்து சேர்ப்பது என்றால், முதலில் சாலை. நெல்லையிலிருந்து வாகைக்குளம் போகும் வழியில் தாமிரபரணியைக் கடக்கும் வல்லநாடு பாலம், கட்டிச் சில ஆண்டுகளிலேயே தளம் உடைந்தது. பலமுறை ஒரு பக்கத்தை மூடி, எதிரெதிர் வண்டிகளை ஒரே பக்கத்தில் விட்டார்கள். விமானத்துக்கு நேரம் பார்த்துக் கிளம்பும் பயணிக்கு இதைவிடக் கெட்ட வழி வேண்டாம். பாலத்தை உருப்படியாகச் செப்பனிட வேண்டும். விமான நேரத்தை ஒட்டி, நெல்லை சந்திப்பிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முனைய வாசல் வரை அரசுப் பேருந்து விட வேண்டும். கொழும்பு விமானம் இறங்கும் நாளில் குடியுரிமைச் சோதனைக்கும் சுங்கச் சோதனைக்கும் ஆள் இருக்க வேண்டும். அதற்கான ஆணை டெல்லியிலிருந்து வர வேண்டும். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி எம்.பி.க்கள் மூவரும் கட்சி பாராமல் சேர்ந்து கேட்க வேண்டியது இந்த ஆணையைத்தான்.