கையெழுத்துப் போட்டவர்களும் கைகட்டி நிற்பவர்களும்

வங்கியில் என் கவுண்டருக்கு வரும் சில பெரியவர்களின் பாஸ்புக்கில் பெயரோடு ஒரு பிரெஞ்சுப் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். 'பிரெஞ்சு பென்ஷன், குடுத்துவச்சவங்க' என்று வரிசையில் முணுமுணுப்பார்கள். எவன் குடுத்து வச்சான்? அந்தப் பெயர் எப்படி வந்ததென்று நாம் கேட்டதுண்டா?

1881 செப்டம்பர் 21ல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை போட்டது. புதுச்சேரி, காரைக்கால் மக்களில் விரும்பியவர்கள், சாதி வழக்கங்களைத் தாங்கிநின்ற தங்கள் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். கையெழுத்துப் போட்டால் புதுக் குடும்பப் பெயர். போட்ட பிறகு திரும்ப முடியாது. மேல்சாதியின் பெரும்பகுதி எதிர்த்தது. சாதியைத் துறந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே! துணிந்து வந்தவர்களில் சேரி மக்களும் கிறித்தவர்களும் அதிகம். ஆண்டையின் கூலியில் உலை வைக்கிறவன், ஆண்டையின் முறையே வேண்டாமென்று எழுதிக் கொடுப்பது விளையாட்டா?

ஆனால் ஒளிக்காமல் பேசுவோம். அந்த விடுதலை குடும்பம் குடும்பமாக வந்த விடுதலை. பலர் சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் இந்தோசீனாவுக்குக் கப்பலேறினார்கள். சேரி இருந்த இடத்திலேயே இருந்தது. தனி ஆள் துணிச்சல் அவனைக் கரையேற்றும், சமூகத்தைக் கரையேற்றாது.

மகாடைப் பாருங்கள். பொதுக் குளங்கள் எல்லோருக்கும் என்று 1923லேயே பம்பாய்ச் சட்டசபை தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. காகிதத்தில் தண்ணீர் ஓடியது. 1927 மார்ச் 20ல் அம்பேத்கரோடு ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய்க் கையால் அள்ளிக் குடித்தபோதுதான் அது தண்ணீராயிற்று. அடி விழுந்தது. வழக்கு 1937ல்தான் வென்றது. முதலில் மாநாட்டில் உட்கார்ந்து பேசினார்கள், கேட்டார்கள், பிறகு நடந்தார்கள். சுதந்திரம் சட்டத்தில் இருந்தது. அறிவு கூடிப் பேசியதில் வந்தது. ஆபத்தை எல்லோரும் பங்குபோட்டுக் கொண்டார்கள். மூன்றில் ஒன்று குறைந்தாலும் குளம் அவர்களுடையதாகவே இருந்திருக்கும்.

இப்ப நம்ம கதை. புதுச்சேரி மாநிலத்தில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை, 38 வருஷம் காத்திருந்தோம். அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. பிறகு வருஷக்கணக்காகக் கோட்டுச்சேரி கொம்யூனும் அதிகாரிகள் கையில். நமக்கான தனி இடங்களும் அதோடு போயின. இடஒதுக்கீட்டில் படித்து நாற்காலி பிடித்த நாம் என்ன செய்தோம்? என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். 'வேலைக்கு ஆபத்து வந்துடும் சார்' என்று வாயைக் கட்டிக்கொண்டோம். தெரிந்ததைத் தெருவில் சொல்லவில்லை. மனு எழுதத் தெரிந்த கை, அடுத்தவனுக்கு எழுதித் தரவில்லை.

தோழர்களே, எழுதப் படிக்கத் தெரியாத நம் முன்னோர் கைநாட்டு வைத்தாவது சாதியின் சட்டத்தைத் துறந்தார்கள். பட்டம் வாங்கிய நாம் எதைத் துறக்கப் போகிறோம்? வாரம் ஒரு மாலை, தெருவிளக்கின் கீழ் கூடி, பஞ்சாயத்துச் சட்டத்தை வாய்விட்டுப் படிப்போம். அதற்குக்கூடப் பயமென்றால், நம்முடைய படிப்பு யாருக்கு?