கரண்டுப் பெட்டியும் நமது இடுப்பு வலியும்

இடுப்பு வலி இல்லாதவர் யார் என்று காலையில் பெரட்டுக் களத்தில் கேட்டுப் பாருங்கள். கை தூக்க ஆள் இருக்காது. சிலருக்குக் கையைத் தூக்கவே முடியாது, தோள்பட்டை விடாது! பால் மரத்துக் காலத்தில் காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுச் சுமந்த தாய்மார்களுக்குக் கழுத்தும் முழங்காலும் போயிற்று. செம்பனை வந்த பிறகு, அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்குத் தோள் போகிறது. பதினைந்து, இருபது கிலோ குலையைக் குத்தித் தூக்கி வண்டியில் ஏற்றுகிறவருக்கு இடுப்பு போகிறது. நாள் முழுக்கக் குனிந்து உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த வலியை நம்பி இப்போது ஒரு வியாபாரம் நடக்கிறது. லயத்து வாசலுக்கே வந்து, பசை தடவிய இரண்டு பட்டைகளை இடுப்பில் ஒட்டி, சின்னப் பெட்டியின் பொத்தானை அழுத்துகிறார்கள். குறுகுறு என்று ஓடுகிறது. பத்து நிமிடத்தில், "அட, வலி தெரியலையே!" என்கிறார் நம்மவர். உடனே தவணைக் காகிதம் நீட்டப்படுகிறது. நரம்பு சரியாகிவிடும், மருந்து மாத்திரை வேண்டாம், ஆப்பரேஷன் வேண்டாம் என்று அளக்கிறார்கள். மருந்துக் கடையில் நூறு வெள்ளிக்குள் கிடைக்கக்கூடிய பெட்டி, பெயரை மாற்றிக்கொண்டு பல மடங்கு விலைக்கு நம் வீட்டுக்குள் நுழைகிறது.

பெட்டி சுத்தப் பொய்யா? இல்லை. மருத்துவர்கள் இதை டென்ஸ் என்கிறார்கள். முழங்கால் இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதல்லவா? தேய்த்தால் வலி கொஞ்சம் அடங்குகிறது. ரோனால்ட் மெல்ஸாக், பேட்ரிக் வால் என்ற இருவர் 1965-ல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். முதுகுத் தண்டில் ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கிறது. தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் தடித்த நரம்புகள் வேலை செய்தால், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புகளுக்கு அந்தக் கதவு பாதி சாத்திக்கொள்கிறது என்றார்கள். தேய்க்கும் கைக்குப் பதிலாக மின்சாரம், அவ்வளவுதான். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் ஒரு வைத்தியர், உடம்பில் மின்சாரம் உள்ள திருக்கை இன மீனை வைத்துத் தலைவலிக்கும் கீல்வாதத்துக்கும் வைத்தியம் செய்திருக்கிறார். அவர் மீனைத் தவணையில் விற்றதாகத் தெரியவில்லை!

ஆனால், கதவு எவ்வளவு நேரம் சாத்தியிருக்கும்? 2022-ல் 381 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பெட்டி ஓடும்போதும், நிறுத்திய கையோடும் வலி குறைகிறது என்று அது ஒத்துக்கொள்கிறது. சரி, வருஷக் கணக்கான இடுப்பு வலிக்கு? அமெரிக்காவில் 1990-ல் 145 பேரை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு உண்மையான பெட்டி, சிலருக்குக் கரண்டே ஓடாத பெட்டி. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அதே சோதனையில் முதுகுக்கான உடற்பயிற்சி செய்தவர்களுக்குத்தான் வலி குறைந்தது. பயிற்சியை விட்டதும் அந்தப் பலனும் போய்விட்டது. இங்கிலாந்தில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் அமைப்பு, இடுப்பு வலிக்கு டென்ஸ் கொடுக்க வேண்டாம் என்று 2016-ல் சொல்லிவிட்டது. ஆகவே பெட்டி வலியை மறக்க வைக்கலாம். தேய்ந்த எலும்பை, பிதுங்கிய தட்டை அது சரிசெய்யாது.

நமக்குக் கவலை தருவது வெறும் காசு விஷயமல்ல. ஒரு தோட்டத்தில், இடுப்புப் பிடித்துக்கொண்டு வந்த தொழிலாளிக்கு டிரஸ்ஸர் அறையில் பட்டையை ஒட்டி, அரை மணி நேரம் படுக்க வைத்து, அன்றே குலை ஏற்ற அனுப்பினார்களாம். எம்.சி. இல்லை. புத்தகத்தில் எழுத்தும் இல்லை. இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். வலி என்பது உடம்பு கொடுக்கும் புகார். அந்தப் புகாரை எழுதாமலேயே வாயை அடைப்பது சிகிச்சை ஆகுமா? நாளைக்கு அந்த மனிதர் நிமிர முடியாமல் படுத்துவிட்டால், "எப்போது அடிபட்டது, யார் பார்த்தது, சீட்டு எங்கே?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது.

வேலையில் அடிபட்டால், தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது. நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களும் 2019 முதல் இதில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். சொக்சோ ஏற்றுக்கொண்ட காயத்துக்கு வைத்தியச் செலவு உங்கள் பையிலிருந்து போக வேண்டியதில்லை. அடிபடாமல் வந்த பழைய வலி என்றால், குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான். பிசியோதெரபிக்கு எழுதித் தரும்படி டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள். டென்ஸ் வைத்துப் பார்க்கலாம் என்று அவர்களே நினைத்தால், அங்கேயே வைத்துப் பார்க்கட்டும். உங்கள் உடம்புக்கு ஒத்து வந்தால், பிறகு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று, இது வீட்டுக்கு வீடு சொல்ல வேண்டியது. இருதயத்தில் கருவி பொருத்தியவர்கள் இந்தப் பெட்டியைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகள் வயிற்றிலும் இடுப்பிலும் ஒட்டக் கூடாது. கழுத்தின் முன்பக்கம், புண், வெடிப்பு உள்ள இடம் எதிலும் வேண்டாம். காக்காய் வலிப்பு உள்ளவர் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கால் மரத்துப் போயிருக்கும். கரண்டு கூடுவது தெரியாமல் தோல் வெந்துவிடலாம். இடுப்பு வலியோடு கால் விழுந்துபோனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ, பெட்டியைத் தேடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். வீடு தேடி வந்து 300 வெள்ளி, அதற்கு மேல் விற்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். 10 வேலை நாட்களுக்குள் அதை ரத்து செய்ய 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் இடம் கொடுக்கிறது. நாள் கடந்துவிட்டாலும், ஏமாற்றி விற்றார்கள் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. வக்கீல் வைக்கத் தேவையில்லை.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. டிரஸ்ஸர் அறைக்குப் பெட்டி வாங்கும் காசில் குலை ஏற்றும் இயந்திர வண்டிக்கு முன்பணம் கட்டலாம். ஒரு ஆள் தூக்கும் குலைக்கு எடை வரம்பு வையுங்கள், பெரிய குலைக்கு இரண்டு பேரை விடுங்கள், ஐம்பது வயது தாண்டியவருக்கு வேறு வேலை கொடுங்கள். அடுத்த பேச்சு வார்த்தையில் இவை மேசைக்கு வர வேண்டும் என்றால் நமக்கு ஆதாரம் தேவை. இடுப்பு, தோள், முழங்கால் வலிக்கு இதுவரை வாங்கிய எம்.சி., கிளினிக் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, அடுத்த கிளைக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பெட்டி வாங்கிய ரசீது இருந்தால் அதையும்தான்.