கணினிக்கும் மாத வாடகையா?

வாடகைக் கடைக்கும் சொந்தக் கடைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரகலச் சந்தியில் வியாபாரம் செய்பவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் கணக்கு வழக்குகளுக்காகக் கணினி மென்பொருள் வாங்கும்போது நம்மில் பலர் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. முதல் மாதக் கட்டணம் சிறிதாகத் தெரிந்தால் தலையாட்டி விடுகிறார்கள்.

மைக்ரோசொப்ட் நிறுவனம் 2011 இல் ஒபிஸ் மென்பொருளைச் சந்தா முறையில் வழங்க ஆரம்பித்தது. ஒரே தடவையில் வாங்கும் வழியையும் அது மூடிவிடவில்லை. 2024 ஒக்டோபரில் வெளியான 'ஒபிஸ் ஹோம் அன்ட் பிஸ்னஸ் 2024' இன் விலை அமெரிக்காவில் 249.99 டொலர். அதே காலத்தில் வர்த்தகர்களுக்கான 'பிஸ்னஸ் ஸ்டாண்டர்ட்' சந்தா, வருட ஒப்பந்தத்தில், ஒருவருக்கு மாதம் 12.50 டொலர். இருபதாவது மாதத்தில் சந்தாக்காரர் முழு விலையையும் கட்டி முடித்து விடுகிறார். இருபத்தோராவது மாதமும் கட்டத்தான் வேண்டும். நிறுத்தினால், கணினியிலுள்ள ஒபிஸில் பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கலாம், அச்சிடலாம். ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

எமக்கு இதைவிடப் பெரிய விடயம் டொலர். 2022 மார்ச் வரை டொலர் சுமார் 200 ரூபா. மே மாதமளவில் சுமார் 360 ரூபா. வருடத்துக்கு 150 டொலர் சந்தா 30,000 ரூபாவிலிருந்து 54,000 ரூபாவானது. டொலர் விலையில் ஒரு சதமும் கூடவில்லை. முன்னரே வாங்கி வைத்திருந்தவரை அந்த அடி தொடவில்லை. தோட்டச் சம்பள நாளை நம்பித்தான் எமது கடன் கொப்பி ஓடுகிறது. மழை பிந்தினால் கொழுந்து குறையும், கடை விற்பனையும் குறையும். சந்தா மட்டும் குறையாது.

ஆனாலும் ஒரு தடவை வாங்கியது ஆயுளுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒபிஸ் 2016, 2019 இரண்டுக்குமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தப்பட்டன. 2024 பதிப்புக்கு 2029 ஒக்டோபர் வரைதான். ஆகவே அடுத்த கொள்வனவுக்கு வருடம் 50 டொலர் பெறுமதியை ஒதுக்கி வைப்பதே புத்தி.

பண்டாரவளையிலும் பதுளையிலும் கிளை வைத்து, பலர் ஒரே கணக்கைப் பார்க்க வேண்டியவருக்குச் சந்தா பொருந்தும். ஒருவர் பல கணினிகளில் பாவிக்கலாம். கோப்புகள் இணையத்திலும் சேமிக்கப்படும். ஒரு மேசை, ஒரு கணினி உள்ள கடைக்கு அது அனாவசியம். அவருக்கு இலவசமான லிப்ரே ஒபிஸ் கூடப் போதும்; வியாபாரத்துக்குப் பாவிக்கவும் தடையில்லை. இலவசமாகவே கிடைக்கும்போது திருட்டுப் பிரதி எதற்கு? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது குற்றம். ஹலாலான வியாபாரத்தின் கணக்கைப் பிறர் உழைப்பைத் திருடி எழுதுவது அழகுமல்ல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தில் பாதைகளை மூடியது. பல இடங்களில் தொலைத்தொடர்பையும் துண்டித்தது. இணையத்தை மட்டும் நம்பினால் இப்படியான நாளில் கணக்குக் கைக்கு எட்டாது. கடைக் கணினியை மட்டும் நம்பினால் வெள்ளமும் மண்சரிவும் அதைக் கொண்டு போகலாம். எந்த முறையில் வாங்கினாலும் வாரம் ஒரு தடவை பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து, கடைக்கு வெளியே வையுங்கள்.

கையெழுத்திடும் முன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஐந்து வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு? கட்டணம் ரூபாவிலா, டொலரிலா? நான் நிறுத்தினால் என் கணக்கு என் கையில் இருக்குமா? மூன்றுக்கும் தெளிவான பதில் தராதவரிடம் வாங்காதீர்கள்.