உறுதி கைக்கு வருமுன்

வீடு வாங்குவது பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்களில் ஒரே வினாவே பல உருவில் வருகின்றது. "நொத்தாரிசு உறுதி முடித்துத் தருகிறார்; பதிவும் செய்கிறோம்; பின்னர் எதற்கு அஞ்சவேண்டும்?" என்பதே அது.

நொத்தாரிசு உறுதிப்படுத்துவது யாதென முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். இன்னார் இன்ன தினத்தில், இரு சாட்சிகள் உடனிருக்கத் தம் முன்னிலையிற் கையொப்பமிட்டனர் என்பதையே அவர் அத்தாட்சிப்படுத்துகின்றார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இவ்வாறு எழுதப்படாத காணி விற்பனை செல்லாது. ஆனால், விற்பவருக்கு அக்காணி முழுவதும் உரியதுதானா என்பது வேறு வினா. தம்மிடம் உள்ளதையே ஒருவர் பிறருக்குக் கொடுக்கலாம். அரைப் பங்குடையவர் முழுவதையும் விற்பதாக எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தாலும் வாங்கியவருக்குச் சேர்வது அரைப் பங்கே.

பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமையன்றோ எனலாம். கடமைதான். எனினும் தேடவேண்டாமென்று இரு பகுதியாரும் எழுத்திற் கேட்டால் தேடாமலே முடிக்கவும் இடமுண்டு. சில நூறு ரூபாய்ச் செலவையும் இரண்டு நாள் அலைச்சலையும் மிச்சம் பிடிக்க எண்ணி அவ்வாறு ஒப்பமிடுவோர் படித்தவர்களிலும் உளர்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் கொழும்பில் முப்பது வருட உத்தியோகத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு ஊரில் ஐந்து பரப்பு வளவும் வீடும் வாங்கினர். மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதுவதே நோக்கம். ஆறு மாதம் கழித்து விற்றவரின் தங்கை வெளிநாட்டிலிருந்து வந்து தன் பங்கைக் கேட்டார். வளவு தாயாரின் சீதனம். தாயார் உறுதி எதுவும் எழுதாமலே இறந்துபோனார். மகளுக்கோ சீதனம் எதுவும் கொடுபடவில்லை. காணிக் கந்தோரில் அந்த ஏட்டைப் புரட்டியிருந்தால் தாயின் சீதன உறுதி இருப்பதும், தாயிடமிருந்து மகனுக்கு எவ்வித உறுதியும் இல்லாததும் அரைமணி நேரத்திற் புலப்பட்டிருக்கும். இப்போது பிரிவினை வழக்கு நடக்கின்றது. கலியாணமும் தள்ளிப் போய்விட்டது.

ஆகவே முற்பணம் கொடுக்குமுன்னரே உறுதியின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதனை எடுத்துக்கொண்டு முப்பது வருடமாவது பின்னோக்கிச் செல்லுங்கள். விற்பவருக்கு எவ்வாறு வந்தது? முதுசமா, சீதனமா, நன்கொடையா, விலைக்கு வாங்கியதா? விவாக காலத்தில் வாங்கிய தேடியதேட்டமாயின் கணவன் மனைவி இருவரையுமே ஒப்பமிடச் செய்தல் புத்தி. ஈடோ, ஒத்தியோ, வழக்குப் பதிவோ அந்த ஏட்டில் இருக்கின்றதா எனவும் பாருங்கள். தேசவழமைக்குட்பட்ட காணியிற் பிரிபடாத பங்கு விற்கப்படுமாயின், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி பங்காளிகளுக்கும் உரித்தாளராகக் கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமையுண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று கேளாமல் வாங்குவது வழக்கை விலைகொடுத்து வாங்குவதாகும்.

தோம்பு என்ற சொல்லைப் போர்த்துக்கேயரும், நொத்தாரிசு, கந்தோர் என்பனவற்றை ஒல்லாந்தரும் நமக்கு விட்டுச் சென்றனர். முற்றுப்புள்ளியின்றி இரண்டு பக்கம் ஓடும் உறுதி வாசகத்தை யார் விட்டுச் சென்றனரோ அறியேன்! உயர்தர வகுப்பு மாணவர் சங்கப் பாடலுக்குப் பதவுரை எழுதுகின்றனர். தம் வீட்டு உறுதியின் அட்டவணையை வாசிக்கச் சொன்னால் விழிக்கின்றனர். அதில் நாற்றிசை எல்லையும், பரப்பளவும், "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்" என்ற தொடரும் வரும். யாழ்ப்பாணத்து வளவில் இத்தொடர் அணிக்காக எழுதப்படுவதன்று. பொதுக் கிணற்றில் நீர் அள்ளவும், அயலவர் காணியூடாகத் தெருவுக்கு இறங்கவும் உள்ள உரிமை அதிலேயே அடங்கியுள்ளது. பரப்பு ஒன்று பத்துப் பேர்ச். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். உறுதியிற் கண்ட அளவு நிலத்தில் இருக்கின்றதா என்பதை நில அளவையாளர் அளந்து சொல்லட்டும்.

உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருக்க, அவர் கொடுத்த அற்றோணித் தத்துவத்தைக் காட்டி உறவினர் விற்பது இப்போது பெருவழக்கு. தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதன் வலுவும் அன்றோடு இறந்துவிடும். அவரோடு நேரே பேசாமற் பணம் கொடுத்தலாகாது. போர்க்காலத்திற் பூட்டிய வீடுகளில் வேறு குடும்பங்கள் வாழ்ந்து, பத்து வருட ஆட்சியாற் காணி தமதாயிற்று என வாதாடியதும் உண்டு. இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஆதலின் உறுதியை மட்டும் பார்த்தாற் போதாது. வீட்டுக்குச் சென்று கதவைத் தட்டி, உள்ளே இருப்பவர் எந்த உரிமையில் இருக்கின்றார் என்றும் கேட்டறிதல் வேண்டும்.

அவர் குத்தகைக்காரராக இருப்பின்? வீடு கைமாறியதால் குத்தகை முறிவதில்லை. தவணை முடியும்வரை புதிய சொந்தக்காரரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. ஒரு மாதத்திற்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படல் வேண்டும். மாத வாடகைக்கு இருப்பவரை எளிதில் எழுப்பிவிடலாமென்றும் எண்ணவேண்டாம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் காக்கும் வீடுகளில் அவரை எழுப்புவது அரிது. "நீங்கள் வாங்குங்கள், அவரை நான் எழுப்பித் தருகிறேன்" என்னும் விற்பனையாளரிடம், முதலில் எழுப்பிவிட்டு வாரும் என்று சொல்லுங்கள்.

கிளிநொச்சி அன்பரொருவர் பெமிற் காணி மலிவாக வருகிறதே, வாங்கலாமா என்கிறார். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை வைத்திருப்பவர் தம் எண்ணப்படி விற்க முடியாது. வெறுந்தாளிற் கையொப்பம் வாங்கிப் பணம் கொடுப்பது பணத்தை இழப்பதற்கே வழி. பிரதேச செயலகத்தில் விசாரித்த பின்னரே மேற்கொண்டு பேசவேண்டும்.

உறுதி முடிந்த அன்றே பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு விற்ற காணியையே விற்றவர் மற்றொருவருக்கும் விற்று, அவர் வஞ்சகமின்றி விலைகொடுத்து வாங்கி, உங்களுக்கு முன்னர் பதிந்துகொண்டால், 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி அவர் உறுதியே மேலோங்கும். நொத்தாரிசு தமது பிரதியைக் காணிக் கந்தோருக்கு அனுப்பிவிட்டாரே என்று வாளாவிருக்க வேண்டாம். உரிய ஏட்டிலேதான் பதிந்திருக்கின்றதா என்று எடுத்துப் பாருங்கள். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதுவோரும் உளர். பிற்காலத்திற் காணி கைவிட்டுப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நாளில், உறுதியிலுள்ள தொகையே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடுகளைப் பற்றியும் வங்கி ஈட்டுக் கடனைப் பற்றியும் வந்த வினாக்களுக்கு அடுத்த ஞாயிறு விடை தருவேன்.