பட்டுப்பாதையில் நடந்த பெரியவர்

‘மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து பட்டு தரைவழியாகவே மேற்கு நாடுகளுக்குப் போனதாமே? அந்தப் பாதையை முழுசாக யாராவது நடந்து பார்த்திருக்கிறார்களா?’ - தாளவாடி வாசகர் ஒருவர்.

நடந்திருக்கிறார். பெர்னார்ட் ஒலிவியே என்ற பிரெஞ்சுக்காரர். பத்திரிகையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட, பிள்ளைகளும் வளர்ந்துவிட, தனிமை அவரை வாட்டியது. 1998-ல் ஸ்பெயினிலுள்ள சாண்டியாகோ திருத்தலத்துக்கு நடந்தே போனார். நடந்ததில் மனசு தேறியது. அடுத்த வருஷமே, 61 வயதில், துருக்கியின் இஸ்தான்புல் நகரிலிருந்து பட்டுப்பாதையில் இறங்கிவிட்டார். துணைக்கு ஆள் கிடையாது. துருக்கி, ஈரான், மத்திய ஆசியா என்று நடந்து 2002-ல் சீனாவின் சியான் நகரத்தை அடைந்தார். சுமார் 12,000 கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவார். அடுத்த வருஷம் விட்ட இடத்துக்கே வந்து மறுபடி நடப்பார்.

துருக்கிக் கிராமங்களில் பல இரவுகள் அவர் தங்கியது விவசாயிகளின் வீடுகளில்தான். முன்பின் தெரியாதவருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தார்கள். அது அந்தப் பாதையின் பழைய வழக்கம். ஒட்டகக் கூட்டம் ஒரு நாளில் நடக்கிற தூரத்துக்கு ஒரு சத்திரம் இருந்தது. வணிகர்கள் மூன்று நாள் வரை காசில்லாமல் தங்கலாம். ஆனால், எல்லா ஊரும் ஒன்றுபோல இருக்குமா? சந்தேகப்பட்டு ராணுவத்தைக் கூப்பிட்டவர்களும் உண்டு. ஆட்டுமந்தைக் காவல் நாய்களுக்கும் அவர் பயந்தார். பாலைவனத்தில் குடிதண்ணீரை முதுகில் சுமந்து கட்டுப்படியாகாது என்று சின்ன இழுவண்டி ஒன்றைத் தானே செய்துகொண்டார்.

அந்த வழியில் போனது பட்டு மட்டும் இல்லை. மாட்டுக்குப் போடுகிற குதிரை மசால் இருக்கிறதே, அது சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன் மத்திய ஆசியாவின் ஃபெர்கானா பக்கமிருந்து சீனாவுக்குப் போன பயிர். சீனப் பேரரசர் அங்கத்திய குதிரைகளுக்கு ஆசைப்பட்டார். குதிரைக்குத் தீனி வேண்டுமே என்று விதையும் கூடவே போனது.

ஒலிவியேவின் நடை சியானோடு நின்றுவிடவில்லை. குற்றம் செய்த சிறுவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் நீண்ட நடைக்கு அனுப்பும் முறை பெல்ஜியத்தில் இருப்பதை அவர் சாண்டியாகோ பாதையிலேயே தெரிந்துகொண்டிருந்தார். 2000-ல் பிரான்ஸிலும் அதற்காக ‘சொய்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பிரெஞ்சில் அதற்கு ‘வாசற்படி’ என்று அர்த்தம். பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகங்களில் வந்த பணத்தை அதற்குக் கொடுத்தார்.

திருட்டு, அடிதடி என்று நீதிமன்றம் வரை போன 14 முதல் 18 வயதுப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு இதில் சம்மதம் வேண்டும். நீதிபதியின் அனுமதியும் வேண்டும். பிறகு ஒரு பையன் அல்லது பெண், கூடவே ஒரே ஒரு பெரியவர். தெரியாத நாட்டில் சுமார் மூன்று மாதத்தில் 1,600 கிலோமீட்டருக்கு மேல் நடை. செல்போன் கிடையாது. மூட்டையை அவரவரே சுமக்க வேண்டும், கூடாரம் போட வேண்டும், சமைக்க வேண்டும். பள்ளியிலும் வீட்டிலும் ‘உருப்படாதவன்’ என்றே கேட்டு வளர்ந்த பையனை, வழியில் பார்ப்பவர்கள் ‘எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாய்!’ என்று வியக்கிறார்கள். அவனுடைய பழைய கதை அங்கே யாருக்கும் தெரியாது.

எல்லோரும் முடித்துவிடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பாதியில் நிற்கிற பிள்ளைகளும் உண்டு. ஒலிவியேவே 1999-ல் ஈரான் எல்லையை நெருங்கும்போது கடும் வயிற்றுக்கடுப்பில் விழுந்து, ஆம்புலன்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டவர். மறு வருஷம் அதே இடத்துக்குப் போய் இறங்கி, அங்கிருந்து நடந்தார்.