தலைக்கு மேல் ஒரு பாய்

படகு சவாரிக்குப் போனால் நாம் முதலில் தேடுவது எதை? நிழலை. கித்தான் கூரை போட்ட படகாகப் பார்த்து ஓடிப்போய் ஏறிக்கொள்கிறோம். அந்தக் கூரையை எதில், எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று என்றைக்காவது அண்ணாந்து பார்த்ததுண்டா?

பார்த்தால் ஏற மாட்டீர்கள். நான் பார்த்த முக்கால்வாசிப் படகுகளில் நாலு கம்பி, ஒரு தார்ப்பாய், மூலைக்கு மூலை நைலான் கயிறு. பித்தளை வளையம் பிய்ந்துபோன இடத்தில் துணியையே குத்தி ஓட்டை போட்டிருப்பார்கள். முடிச்சு? அதை முடிச்சு என்று சொல்வதே பாவம்... சிக்கல்! கத்தி வைத்து அறுத்தால்தான் வரும். கேட்டால், 'அதெல்லாம் ஸ்ட்ராங்கா இருக்கு ஸார்' என்பார்கள்.

அந்த ஸ்ட்ராங்தான் ஸார் பிரச்னையே!

படகின் மேல் விரித்துக் கட்டிய துணிக்குத் தமிழில் பெயர் பாய். காற்று ஏறினால் பாயை இறக்கு என்பது கடற்கரைக் குப்பத்தில் பொடியனுக்கும் தெரிந்த பாடம். சுற்றுலாப் படகில் மட்டும் அதே துணிக்கு 'ரூஃப்' என்று பெயர் வைத்து, இறக்கவே முடியாதபடி கட்டிவிட்டோம். காற்றுக்கு இந்தப் பெயர் மாற்றம் தெரியாதே!

நான் படித்தது பி.காம். ஃபிசிக்ஸ் எனக்குத் தூரம். கணக்கு கொஞ்சம் வரும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் ஒரு கூரை. மொத்தம் 6 சதுர மீட்டர். ஒரு ஓரம் அவிழ்ந்து தூக்கிக்கொண்டு, மணிக்கு 30 கி.மீ. காற்றை நேராக வாங்கினால், சுமார் 26 கிலோ தள்ளுகிற மாதிரி. காற்று 60 கி.மீ. ஆனால் 52 கிலோ என்று நினைக்காதீர்கள். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. 100 கிலோவைத் தாண்டும். அடுத்து மழை. அதே துணியில் 1 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினால் 60 லிட்டர். ஒரு ஆள் கூரை மேல் உட்கார்ந்து வருகிற கணக்கு! படகில் எடை அடியில் இருக்கவேண்டும். இங்கே உச்சந்தலையில்.

இதைவிட மோசமானது கூரைக்குக் கீழே நடப்பது. 1999 மே 1. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு ஏரி. கூரை போட்ட உல்லாசப் படகு ஒன்று மூழ்கி 13 பேர் இறந்தார்கள். வெளியேற விடாமல் தடுத்ததில் அந்தக் கூரைக்குப் பெரிய பங்கு என்றது அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம். அதே ரகப் படகுகளின் கூரையை எடுத்துவிடச் சொன்னது. கேட்டார்களா? 2018 ஜூலையில் மிசௌரியில் அதே ரகப் படகு, புயல் காற்றில் மூழ்கியது. 17 பேர். அதன் பிறகு, 2022 டிசம்பரில்தான் சட்டமே வந்தது. யோசித்துப் பாருங்கள்... லைஃப் ஜாக்கெட் உங்களை மேலே தூக்கும். மேலே கூரை. பக்கவாட்டில் திரை. எங்கே போவீர்கள்?

'அப்போ வெயில்ல காயணுமா?' என்று கேட்பீர்கள். நியாயம். சித்திரை வெயிலில் காலை முதல் மாலை வரை துடுப்புப் போடுகிற மனிதருக்கு நிழல் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? கூரை இருக்கட்டும். ஒழுங்காகக் கட்டுங்கள் என்கிறேன். கம்பியின் கால்களைப் படகின் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்குங்கள். பலகையில் ஆணி அடிக்காதீர்கள். முன்னாலும் பின்னாலும் இழுவைக் கயிறு கட்டுங்கள். தண்ணீர் தேங்காமல் வழிய நடுவில் மேடு கொடுங்கள். பக்கத்துத் திரையைத் தூக்கி எறியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சு போடுங்கள். பள்ளிக்கூடப் பையன் ஷூ லேஸில் போடுகிற அதே முடிச்சுதான்! வானம் கறுத்தால் ஒரு நிமிஷத்தில் துணியைச் சுருட்டி வைக்கலாம். மூன்று மூலை அவிழ்ந்து நாலாவது மட்டும் பிடித்துக்கொண்டால் அது கூரையல்ல, பேய்!

இதற்கெல்லாம் என்ன செலவு? கொஞ்சம் போல்ட், கொஞ்சம் கயிறு. வரவு செலவு எழுதத் தெரிந்த எவனும் மறுக்க முடியாத கணக்கு இது. ஆனாலும் செய்ய மாட்டார்கள். ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. 1917-ம் வருஷத்துச் சட்டத்தை மாற்றி, 2021-ல் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதுச் சட்டமே வந்துவிட்டது. பதிவு, ஆய்வு எல்லாம் அதில் உண்டு. அதற்குப் பிறகுதான் 2023 மே 7-ல், கேரளாவின் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள்.

ஆகவே, நீங்கள் கேளுங்கள். அடுத்த தடவை ஏறுவதற்கு முன் படகுக்காரரிடம் சொல்லுங்கள்: 'அண்ணே, இந்த ஒரு முடிச்சை அவிழ்த்துக் காட்டுங்க.' ஒரே இழுப்பில் அவிழ்ந்தால் ஏறுங்கள். கத்தியைத் தேடினால், கரையில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுங்கள். கொடுத்த டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவும் மறக்காதீர்கள்!