சென்னை - திருவண்ணாமலை மெமு ரயில்: மெட்ரோ மாதிரி அடிக்கடி விட முடியாதா? சிக்கல் பெட்டியிலா, பாதையிலா?

பவுர்ணமி வந்தாலே திருவண்ணாமலைக்குப் போகும் எல்லா வழிகளும் நிரம்பி வழியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்ற லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் நம்பி வருவது பேருந்தையும் வேனையும்தான். ரயில் என்றால் பலருக்கும் இரண்டாவது யோசனைதான்.

"சென்னையில் மெட்ரோ சில நிமிடத்துக்கு ஒண்ணு வருது. திருவண்ணாமலைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வி ஒவ்வொரு பவுர்ணமிக்கும் எழுகிறது. கூடுதல் பெட்டி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ரயில் ஆர்வலர்களைக் கேட்டால், பெட்டியை விடுங்க, தண்டவாளத்தைப் பாருங்க என்பார்கள். இதில் எது சரி? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஓடும் ரயில் எது?

காட்பாடி - விழுப்புரம் பாதை ஒரு காலத்தில் மீட்டர் கேஜ். அகலப்பாதையாக மாற்றும் பணிக்காக மூடப்பட்டு, 2010-ல் மீண்டும் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது. ஆனால் சென்னையில் இருந்து தினமும் நேரடியாகப் போக ஒரு ரயில் வேண்டும் என்ற கோரிக்கை அதன் பிறகும் பல ஆண்டுகள் நீடித்தது.

2024 மே மாதம் அதற்கு ஒரு விடை கிடைத்தது. சென்னை கடற்கரை - வேலூர் கன்டோன்மென்ட் மெமு ரயில், திருவண்ணாமலை வரை நீட்டிக்கப்பட்டது. அப்போது கட்டணம் வெறும் 50 ரூபாய்.

அன்று அறிவிக்கப்பட்ட நேரம் இதுதான்:

- கடற்கரையில் மாலை 6 மணிக்குப் புறப்பட்டு, வேலூர் கன்டோன்மென்ட் இரவு 9.35, திருவண்ணாமலை நள்ளிரவு 12.05.
- திருவண்ணாமலையில் அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு, வேலூர் கன்டோன்மென்ட் 5.40, கடற்கரை காலை 9.50.

இந்த நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நள்ளிரவு 12.05-க்கு இறங்கி, 4 மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றால் கையில் இருப்பது 4 மணி நேரத்துக்கும் குறைவு. மணிக்கு 4 கிலோமீட்டர் நடந்தாலே கிரிவலத்துக்கு மூன்றரை மணி நேரம் ஆகிவிடும். வழியில் லிங்கங்களை வணங்க நின்றால், கூட்டத்தில் மாட்டினால், ரயில் போய்விடும். வயதானவர்கள், குழந்தையோடு வருபவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஏன் இப்படி ஒரு நேரம்?

இங்கேதான் ரயில்வேயின் 'ரேக்' கணக்கு வருகிறது. ஒரு ரயிலுக்கான மொத்தப் பெட்டித் தொடரைத்தான் ரேக் என்கிறார்கள். இந்த ரேக் முன்பு இரவில் வேலூர் கன்டோன்மென்டில் நின்று, காலையில் சென்னைக்குத் திரும்பும். அந்தச் சும்மா நிற்கும் இரவு நேரத்தில் திருவண்ணாமலை வரை போய் வரச் செய்ததுதான் 2024-ன் நீட்டிப்பு.

புதிதாக ஒரு ரேக் தேவையில்லை. வேலூர் பயணிகளுக்கு இருந்த மாலை, காலை சேவையும் கெடவில்லை. செலவில்லாத நல்ல யோசனைதான். ஆனால் நேரம், கிரிவலம் போகிறவருக்காக வகுக்கப்பட்டது அல்ல. ரேக்குக்கு ஓய்வு கிடைத்த நேரம் அது, அவ்வளவுதான்.

மெமு, மின்சார ரயில், மெட்ரோ: என்ன வித்தியாசம்?

மூன்றிலும் தனி இன்ஜின் கிடையாது. மோட்டார் பெட்டிகளிலேயே இருக்கும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. அதனால் கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை. ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து போனால் ரயில் திரும்பிவிடும். மற்றபடி மூன்றும் வேறு வேறு ரகம்.

- புறநகர் மின்சார ரயில்: கடற்கரை - தாம்பரம் மாதிரி குறுகிய தூரத்துக்கு. உயரமான நடைமேடை தேவை. கழிவறை கிடையாது.
- மெமு: அதே மின்சார ரயிலின் நெடுந்தூர வடிவம். வாசலில் படிக்கட்டு உண்டு என்பதால், தாழ்வான நடைமேடை உள்ள கிராமத்து ஸ்டேஷனிலும் ஏறி இறங்கலாம். கழிவறையும் உண்டு. 6 மணி நேரப் பயணத்துக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.
- சென்னை மெட்ரோ: 4 பெட்டி, முழுக்க ஏசி, தானியங்கிக் கதவு. 2-ம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லாத 3 பெட்டி ரயில்கள் வருகின்றன. நடைமேடையும் பெட்டியின் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

சரி, அந்த மெட்ரோ பெட்டியையே திருவண்ணாமலைக்கு ஓட்டினால் என்ன? முடியாது. சென்னை மெட்ரோவின் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீட்டர். இந்திய ரயில்வேயின் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். சக்கரமே பொருந்தாது.

அகலப்பாதையில் ஓடும் மெட்ரோவும் நம் நாட்டில் இருக்கிறது. 1984-ல் தொடங்கிய கொல்கத்தா மெட்ரோ அப்படித்தான். ஆனால் அப்படி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து இந்தப் பாதையில் வைத்தாலும் அடிக்கடி ரயில் கிடைக்காது. காரணம் பெட்டி அல்ல.

மெட்ரோ எப்படி 5 நிமிடத்துக்கு ஒன்று ஓடுகிறது?

மெட்ரோவில் போக ஒரு பாதை, வர ஒரு பாதை. எதிரே ரயில் வருவதே இல்லை. சரக்கு ரயில் கிடையாது, எக்ஸ்பிரஸ் கிடையாது. எல்லா ரயிலும் ஒரே வேகத்தில் போய், ஒரே மாதிரி எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். முன்னால் போகும் ரயிலுக்கும் பின்னால் வரும் ரயிலுக்கும் உள்ள இடைவெளியை சிக்னல் அமைப்பே கண்காணித்து, வேகத்தைக் கட்டுப்படுத்தும்.

அதனால் 5 நிமிடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 12 ரயில். காலை 5 முதல் இரவு 11 வரை 18 மணி நேரத்தில், ஒரு திசையில் மட்டும் 216 ரயில்.

திருவண்ணாமலை பாதையில் என்ன நடக்கிறது?

காட்பாடியில் இருந்து வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் வரை சுமார் 161 கிலோமீட்டர். மின்மயமாகிவிட்டது. ஆனால் ஒற்றைப் பாதை. போகிற ரயிலுக்கும் வருகிற ரயிலுக்கும் ஒரே தண்டவாளம்.

இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். எதிரே இன்னொன்று வந்தால், ஏதாவது ஒன்று ஸ்டேஷனில் பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நிற்க வேண்டும். நம்ம ஊர் மக்கள் 'கிராசிங்' என்று சொல்வது இதைத்தான். வயல் நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் காரணமே தெரியாமல் ரயில் 20 நிமிடம் நிற்கிறதே, அப்போது எதிர் ரயில் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஒரு பாதையில் எத்தனை ரயில் ஓட்டலாம் என்பதைக் கணக்கிட ரயில்வேயில் 'ஸ்காட் ஃபார்முலா' என்ற எளிய வாய்ப்பாடு உண்டு. ஒரு நாளின் 1,440 நிமிடத்தை, இரு ஸ்டேஷன்களுக்கு நடுவே ரயில் ஓடும் நேரமும் சிக்னல் கொடுக்க ஆகும் நேரமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பராமரிப்பு, தாமதம் எல்லாவற்றுக்கும் கழித்து, அதில் 70 சதவீதத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உதாரணத்துக்கு, ஓட்டம் 15 நிமிடம், சிக்னல் வேலை 5 நிமிடம் என்று வைப்போம். 1,440-ஐ 20-ஆல் வகுத்தால் 72. அதில் 70 சதவீதம் சுமார் 50. அதாவது இரு திசையும் சேர்த்து 24 மணி நேரத்துக்கு 50 ரயில். ஒரு திசைக்கு 25. வடக்கே இருந்து வரும் எக்ஸ்பிரஸ், சரக்கு ரயில் எல்லாம் இந்த 25-க்குள்தான் அடங்க வேண்டும். மெட்ரோவின் 216 எங்கே, இந்த 25 எங்கே?

ஒற்றைப் பாதையின் வேலையை மெமு நேர அட்டவணையிலேயே பார்க்கலாம். அதிகாலையில் திருவண்ணாமலையில் இருந்து வேலூர் கன்டோன்மென்டுக்கு 1 மணி 40 நிமிடம். இரவில் அதே தூரத்துக்கு இரண்டரை மணி நேரம். தண்டவாளம் ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான். ஆனால் 50 நிமிடம் கூடுகிறது. கிராசிங்குக்கும், கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் தாமதத்தை ஈடுகட்டவும் நேரம் ஒதுக்குவது ஒற்றைப் பாதையில் சகஜம்.

சுற்றுவழி என்ற இன்னொரு சிக்கல்

சென்னையில் இருந்து காட்பாடி சுற்றிப் போனால் சுமார் 223 கிலோமீட்டர். விழுப்புரம் சுற்றிப் போனாலும் ஏறக்குறைய அதே 227 கிலோமீட்டர். முதல் வழியில் மேற்கே போய்த் தெற்கே இறங்க வேண்டும். இரண்டாவதில் தெற்கே தாண்டிப் போய், மறுபடி வடமேற்கே ஏற வேண்டும். திண்டிவனம், செஞ்சி வழியாகப் பேருந்து நேரே போய்விடுகிறது. ரயில் தோற்பது இங்கேதான்.

இந்தக் குறை 19-ம் நூற்றாண்டிலேயே ஒரு பிரபல பயணியைத் தொட்டிருக்கிறது. 1896-ல் மதுரையில் இருந்து கிளம்பிய 16 வயது வேங்கடராமன், பின்னாளின் ரமண மகரிஷி, கையில் இருந்த பழைய வரைபடத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகில் உள்ள ஸ்டேஷன் திண்டிவனம் என்று நினைத்து அங்கே டிக்கெட் எடுத்தார். விழுப்புரம் - காட்பாடி பாதை அந்த வரைபடத்தில் இல்லை. ரயிலில் உடன் வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான், விழுப்புரத்தில் மாற வேண்டும் என்பது தெரிந்தது. கையில் காசு போதாமல் மாம்பழப்பட்டு வரை ரயிலிலும், பிறகு நடந்தும், கடைசியில் திருக்கோவிலூரில் இருந்து ரயிலிலுமாக செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார்.

திண்டிவனம் - திருவண்ணாமலை பாதை என்ன ஆனது?

அன்று அவர் நினைத்த அந்தத் திண்டிவனம் வழியில்தான் இன்று புதிய பாதை கேட்கிறார்கள். செஞ்சி வழியாக 71 கிலோமீட்டர். 2006-07 ரயில்வே பட்ஜெட் காலத்துத் திட்டம் இது. இன்னும் முடியவில்லை.

ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் அளித்த விவரத்தின்படி, இந்தத் திட்டத்துக்குத் தேவை 273 ஹெக்டேர் நிலம். கையகப்படுத்தப்பட்டது 33 ஹெக்டேர். அதாவது 12 சதவீதம். நிலம் எடுத்துத் தருவது மாநில அரசின் வேலை, அதற்குப் பணம் ஒதுக்குவது ரயில்வேயின் வேலை. நிலம் வரவில்லை என்று ஒரு தரப்பும், நிதி வரவில்லை என்று மறு தரப்பும் சொல்லிக்கொண்டிருக்க, வருடங்கள் ஓடுகின்றன.

இந்தப் பாதை வந்தால் எழும்பூரில் இருந்து தூரம் சுமார் 193 கிலோமீட்டராகக் குறையும். சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டர் கிடைத்தாலே 4 மணி நேரத்துக்குள் போய்விடலாம். செஞ்சிக்கு முதல் முறையாக ரயில் கிடைக்கும்.

இரட்டைப் பாதை வருமா?

2025 ஏப்ரலில் திருப்பதி - பாகாலா - காட்பாடி இடையே 104 கிலோமீட்டரை இரட்டைப் பாதையாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 1,332 கோடி ரூபாய். ஆனால் அந்த ஒப்புதல் காட்பாடியோடு நின்றுவிடுகிறது. திருவண்ணாமலை இருப்பது அதற்குத் தெற்கே. வடக்கில் இருந்து கூடுதல் ரயில் வந்தால், ஒற்றைப் பாதையில் நெரிசல் இன்னும் கூடத்தான் செய்யும்.

அதுவரை என்ன செய்யலாம்?

பெட்டி கேட்பவர்கள் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. ஒற்றைப் பாதையில் 8 பெட்டி ரயில் இரண்டு ஓட்டினால், இரண்டு முறை கிராசிங். 12 பெட்டி ரயிலாக ஒன்று ஓட்டினால், ஒரே கிராசிங்கில் பாதிக் கூட்டம் கூடுதலாக ஏறும். அதாவது இந்தப் பாதைக்கு ஏற்றது அடிக்கடி ரயில் அல்ல, நீளமான ரயில். அதற்கு நடைமேடையும் அந்த நீளத்துக்கு இருக்க வேண்டும்.

இரண்டாவது, நேரம். பவுர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் சிறப்பு ரயில்கள் விடப்படுகின்றன. மக்கள் மாலையில் வந்து, இரவு நடந்து, விடிந்ததும் திரும்புகிறார்கள். தினசரி மெமுவின் நேரத்தை மாற்றினால் வேலூர், அரக்கோணம் பக்கத்தில் இருந்து காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பாதிக்கப்படுவார்கள். அதனால் பவுர்ணமி அன்று மட்டும் காலை 6 மணி வாக்கில் கிளம்பும் ஒரு கூடுதல் ரயில் இருந்தால், 4 மணிக்குள் ஓட்டமும் நடையுமாக கிரிவலத்தை முடிக்க வேண்டிய நிலை இருக்காது.

மூன்றாவது, கூடுதல் கிராசிங் ஸ்டேஷன்கள். இரு ஸ்டேஷன்களுக்கு நடுவே 15 நிமிட ஓட்டம் 10 ஆகக் குறைந்தால், மேலே பார்த்த அதே வாய்ப்பாட்டில் 50 ரயில் 67 ஆகிறது. இரட்டைப் பாதைக்கு ஆகும் செலவில் இது சிறு பகுதிதான்.

ஆனால் இவை எல்லாம் தற்காலிகம். அடுத்த முறை திருவண்ணாமலைக்குக் கூடுதல் ரயில் என்ற அறிவிப்பு வரும்போது, எத்தனை ரயில் என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்த 273 ஹெக்டேரில் இப்போது எவ்வளவு கைக்கு வந்திருக்கிறது?